பழைய லாரி வாங்கும்போது ஆயில் கேஜ் முள்ளைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சமீபத்தில் கைமாறிய ஒரு பழைய ஆறு சக்கர டர்போ லாரி. விற்றவர் ஸ்டார்ட் செய்து காட்டியபோது ஆயில் பிரஷரைக் காட்டும் கேஜ் முள் 4 கிலோவை (சதுர சென்டிமீட்டருக்கு) தாண்டி நின்றது. "எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் முறைப்படி ஆயிலை வடித்துவிட்டுப் புது 15டபிள்யூ-40 ஊற்றி லோடு ஏற்றினார். மறுநாளே, சூடான எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) முள் படுத்துவிட்டது. எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பார்த்தால், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளில் வெள்ளைப் பூச்சு முழுக்கத் தேய்ந்து செம்பு பளபளக்கிறது. வடித்த ஆயிலில் கந்தக நாற்றம். 20டபிள்யூ-50 ஆயிலோடு 140 கியர் ஆயிலைக் கலந்து ஓட்டியிருக்கிறார்கள்.

கேஜ் காட்டுவது ஆயில் எவ்வளவு ஓடுகிறது என்பதை அல்ல, எவ்வளவு தடைபடுகிறது என்பதை. பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றால் ஆயில் சுலபமாக வழிந்து போகும், பிரஷர் இறங்கும். அதே இடைவெளியில் கூழ் மாதிரி ஆயிலை ஊற்றினால் அது வழியத் தயங்கும், முள் ஏறும். தேய்மானம் அப்படியேதான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி ஆயில் எஞ்சின் மேலேயுள்ள ராக்கருக்கும் டர்போவுக்கும் போய்ச்சேர நேரம் பிடிக்கும். ஃபில்டரில் நுழைய முடியாமல் பைபாஸ் வால்வைத் திறந்துகொண்டு வடிகட்டாமலே போகும். கியர் ஆயிலில் கரியைப் பிரித்துத் தாங்கும் மருந்தும் கிடையாது. அதிலுள்ள கந்தகம் சூட்டில் செம்பு கலந்த புஷ், பேரிங்குகளை அரிக்கும்.

நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. 15டபிள்யூ-40-இல் முதல் எண் கடுங்குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கான கணக்கு. நம் ஊர் வெயிலில் கவனிக்க வேண்டியது பின்னால் வரும் எண். 100 டிகிரி சூட்டில் 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. கியர் ஆயில் நம்பர் வேறு அளவுகோல். 90 கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 எஞ்சின் ஆயில் கெட்டிதான். அதனால்தான் ஏமாற்றுகிறவர்கள் 140-ஐத் தேடுகிறார்கள். 20டபிள்யூ-50 விஷமல்ல. வண்டியின் மானுவலில் உள்ள வெப்பநிலை அட்டவணை அனுமதித்தால் தாராளமாக ஊற்றலாம். முள்ளைத் தூக்கி நிறுத்த ஊற்றுவதுதான் மோசடி.

குளிர்ந்த எஞ்சினில் காட்டும் பிரஷரை மதிக்காதீர்கள். கையோடு ஒரு பக்கெட் 15டபிள்யூ-40, புது ஃபில்டர், மெக்கானிக்கல் கேஜ் மூன்றையும் கொண்டுபோங்கள். பணம் பேசுவதற்கு முன் ஆயிலை மாற்றி, இருபது கிலோமீட்டர் ஓட்டி, மெயின் கேலரியில் (எஞ்சின் பிளாக்கிலுள்ள முக்கிய ஆயில் வழி) கேஜை மாட்டி ஐடிலில் பாருங்கள். மானுவல் இல்லாவிட்டால் ஆயிரம் ஆர்பிஎம்முக்குக் குறைந்தது 0.7 கிலோ என்பது கைக்கணக்கு. விற்பவர் ஆயில் மாற்ற விடமாட்டேன் என்றால் அந்த வண்டியே வேண்டாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷனையும் (பிஸ்டனைத் தாண்டிக் கசிந்து வரும் புகை) பார்த்துவிடுங்கள்.

பிரஷர் குறைவாக இருந்தாலே கிராங்க் போய்விட்டது என்று அர்த்தமில்லை. டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருக்கிறதா, டீசல் வாடை அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். கருமையைச் சுற்றி வெளிறிய வளையம் விரிந்தால் டீசல் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. இன்ஜெக்டரையும் டீசல் பம்ப்பையும் சோதிக்க வேண்டும். பிறகு சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னர் வலையின் அடைப்பு, பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங். இவை சரியாக இருந்தால்தான் பேரிங்குக்குப் போக வேண்டும். ஆயில் கறுத்திருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, டீசல் எஞ்சினில் அது இயல்பு.

இன்னொரு பக்கம், "பிஎஸ்-6 ஆயில், ரேட்டு ஜாஸ்தி, ஆனா பெஸ்ட்" என்று, புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த (பிஎஸ்-6) வண்டிகளின் பெயரைச் சொல்லிப் பழைய எஞ்சினுக்கு 10டபிள்யூ-30 தள்ளுகிறார்கள். மானுவலில் 15டபிள்யூ-40 என்றால் அதையே கேளுங்கள். பக்கெட்டில் அச்சிட்டிருக்கும் ஏபிஐ தரக் குறியீடு சிஎச்-4, சிஐ-4 போதும், சிகே-4-உம் ஊற்றலாம். எஃப்ஏ-4 என்று அச்சிட்டிருந்தால் பழைய எஞ்சினுக்கு வேண்டவே வேண்டாம்.

டிரம்மிலிருந்து அளந்து ஊற்றும் லூஸ் ஆயிலை வாங்காதீர்கள். பக்கெட் சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். காலி பக்கெட்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராமல், அடியில் நாலு ஓட்டை போட்டுவிட்டுத் தூக்கிப் போடுங்கள். முழுசாகக் கிடைத்தால் அதே பக்கெட்டில் பழைய ஆயில் நிரம்பி அடுத்தவர் வண்டிக்குப் போகும்.