கிளாட்: பிளஸ் டூவிலேயே எழுதுவதா, ஒரு வருடம் டிராப் எடுப்பதா?

சட்டம் படிக்க வேண்டும், அதுவும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்க வேண்டும் என்று முடிவானதும் வீட்டில் அடுத்து எழும் கேள்வி இதுதான்: அதற்கான பொது நுழைவுத்தேர்வான கிளாட்டைப் பிளஸ் டூ படிக்கும்போதே எழுதுவதா, பள்ளி முடித்து ஒரு வருடம் வேறு படிப்பில் சேராமல் தயாராகி (அதுதான் டிராப்) எழுதுவதா? நான் 2023 டிசம்பரில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடிந்தவரை பிளஸ் டூவிலேயே எழுதிவிடுங்கள்.

டிராப் எடுத்தால் என்ன லாபம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பள்ளி, டியூஷன், ரெக்கார்டு நோட்டு எதுவும் இல்லை. நாள் முழுக்கக் கையில் இருக்கும். கிளாட்டுக்கு வயது வரம்பு கிடையாது, பிளஸ் டூவில் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம் இருந்தால் போதும். ஆக, விதிமுறை எதுவும் டிராப் எடுப்பவரைத் தடுக்கவில்லை. கணக்குப் பகுதிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கே போதும் என்பதால் அதை வைத்தும் முடிவெடுக்க வேண்டியதில்லை.

முதலில் தேர்வு நடக்கும் மாதத்தைப் பாருங்கள். முன்பெல்லாம் கிளாட் வழக்கமாக மே மாதத்தில், பொதுத்தேர்வுக்குப் பிறகு வரும். 2022இல் ஜூன் 19 அன்று ஒரு தேர்வு, டிசம்பர் 18 அன்று அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான தேர்வு என ஒரே ஆண்டில் இரண்டு நடந்தன. அதிலிருந்து டிசம்பர்தான். "பொதுத்தேர்வு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சீனியர் அண்ணன்மார், அக்காமார் சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. இப்போது அப்படிச் செய்தால் அது தானாகவே ஒரு வருட டிராப் ஆகிவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கரண்ட் அஃபேர்ஸ், அதாவது நடப்பு நிகழ்வுகள். மொத்தம் 120 கேள்விகள், 120 நிமிடம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். இதில் 28 முதல் 32 கேள்விகள் நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும், அதாவது ஏறத்தாழ கால்வாசித் தாள். ஆங்கிலம், லாஜிக், சட்டப் பகுதி ஆகியவற்றில் பெற்ற பயிற்சி அடுத்த வருடமும் கூடவே வரும். நடப்பு நிகழ்வுகளுக்கான குறிப்பு அப்படியல்ல. கீரை மாதிரி, வாங்கிய அன்றைக்கே ஆய்ந்து சமைத்துவிட வேண்டும்.

என் நோட்டையே எடுத்துக்கொள்கிறேன். 2023 செப்டம்பரில் டெல்லியில் ஜி20 மாநாடு, அதே மாதம் மகளிர் இடஒதுக்கீட்டுக்கான 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அறிமுகமான மூன்று குற்றவியல் மசோதாக்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். அந்த டிசம்பர் தேர்வுக்கு இதெல்லாம் சூடாக இருந்தது. அதே நோட்டை வைத்துக்கொண்டு 2024 டிசம்பரில் எழுத முடியுமா? அதற்குள் மசோதாக்கள் சில மாற்றங்களோடு மீண்டும் அறிமுகமாகி, சட்டமாகி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கே வந்துவிட்டன. ஒரு மக்களவைத் தேர்தல் வேறு நடந்து முடிந்திருந்தது. பழைய குறிப்பு பின்னணிக்கு உதவும், அவ்வளவுதான். இன்னொரு முழு வருடத்துக்கான செய்தியைப் புதிதாகப் படித்தாக வேண்டும். "ஏற்கெனவே பாதி படிச்சாச்சு, டிராப் எடுத்தா மீதியை முடிச்சுடலாம்" என்று வீட்டில் போடும் கணக்கு இந்தக் கால்வாசித் தாளில் செல்லாது.

பிளஸ் டூவில் எழுதுவது சுலபம் என்று சொல்ல மாட்டேன். கிளாட் முடிந்த கையோடு அரையாண்டுத் தேர்வு வந்து நிற்கும். 2023இல் தேர்வு நாள் டிசம்பர் 3, மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அரையாண்டு தள்ளிப்போனதால் மூச்சுவிட நேரம் கிடைத்தது. எல்லா வருடமும் அப்படி அமையாது. ஆனால் கிளாட் முடிவு அந்த மாதமே வந்துவிட்டதால், அதன்பின் மார்ச் வரை பொதுத்தேர்வு ஒன்றைத் தவிர வேறு சிந்தனை இல்லை.

முடிவு தள்ளிப்போகவும் செய்யலாம். 2024 டிசம்பர் 1 அன்று நடந்த தேர்வின் விடைக்குறிப்பு பற்றிய வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் வரை போய், உச்சநீதிமன்றத்தையும் தொட்டு, இளநிலைக் கவுன்சலிங் 2025 மே மாதத்துக்கு நகர்ந்தது. பிளஸ் டூ மாணவர்கள் அந்த இடைவெளியில் பொதுத்தேர்வு எழுதி முடித்தார்கள். டிராப் எடுத்தவர்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அது மனதை எவ்வளவு அரிக்கும் என்பது எனக்கு நேரடி அனுபவம் இல்லை, தோழிகள் சொல்லிக் கேட்டதுதான்.

ஒருவருக்கு மட்டும் டிராப் சரி என்பேன்: தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் நீளமாக வாசித்துப் பழகாதவர். கேள்விகள் எல்லாம் ஆங்கிலப் பத்திகளாகவே வருகின்றன. வாசிப்பு வேகம் மூன்று மாதத்தில் வருவதில்லை. அவர்களுக்கு அந்த ஒரு வருடம் நியாயமாகவே தேவைப்படலாம். அப்போதும் பிளஸ் டூவில் ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு டிராப் எடுப்பதே நல்லது. 4,000 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் சின்னத் தொகை இல்லைதான். ஆனாலும் ஓஎம்ஆர் விடைத்தாளில் 120 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் போகிறது என்பதை அந்த அறையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

கிடைக்காவிட்டால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வழியும் இருக்கிறது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புகளுக்கும் அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் நுழைவுத்தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். அங்கே சேர்ந்துகொண்டே மறுபடி கிளாட் எழுதுபவர்களும் உண்டு. கல்லூரிப் பாடத்தோடு அது எந்த அளவுக்கு ஒத்துப்போகும் என்பதை அப்படிச் செய்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் குழப்பம் என்றால், பிளஸ் டூ தொடங்கும் ஜூனிலேயே ஒரு முழு மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதுங்கள். தேர்வு மதியம் 2 முதல் 4 வரை என்பதால், சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்கும் அதே நேரத்தில் உட்காருங்கள். மதிப்பெண்ணை விடுங்கள், எத்தனை பத்திகளை முழுதாக வாசிக்க முடிந்தது என்று மட்டும் எண்ணுங்கள். முக்கால்வாசி தாண்டியிருந்தால், அந்த டிசம்பருக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.