சிறு ஏரிக்கு விப்பா, ஃபீடரா?

இங்கிலாந்தின் சர்ரே பக்கம் நான் போகும் ஏரி சிறியது. ஓரமெல்லாம் அல்லியும் நாணலும், ஆழம் 4, 5 அடி. ரோச், ரட், டென்ச், பெர்ச், கொஞ்சம் பிரீம் கிடைக்கும். சாமன், ட்ரௌட் வகைகள் நீங்கலாக மற்ற நன்னீர் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பதைத்தான் இங்கே கோர்ஸ் ஃபிஷிங் என்கிறார்கள். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம். இப்படி ஓர் ஏரிக்கு ஒரு பகல் மட்டும் போவதென்றால் எந்தத் தூண்டிலை எடுத்துப்போவது? என்னிடம் விப், ஃபீடர் இரண்டும் உண்டு. மூன்று வருடமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில், பெரும்பாலும் என் கை போவது 4 மீட்டர் விப் பக்கம்தான்.

விப் என்றால் ரீல் இல்லாத மெல்லிய கோல். நரம்பை நேராக நுனியில் கட்டி, ஒரு தக்கை, ஒரு முள். ஊரில் மூங்கில் கழியில் தூண்டில் போட்டவர்களுக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஃபீடர் வேறு மாதிரி. ரீல் உள்ள கோலில் தக்கைக்குப் பதிலாக, தீனி அடைத்த சிறு கூண்டைக் கட்டி 20, 30 மீட்டர் தள்ளி எறிவார்கள். அது அடியில் போய் உட்காரும். மீன் கடிப்பதைக் கோலின் மெல்லிய நுனி வளைந்து காட்டும்.

செலவில் விப் மலிவு, சுமப்பதற்கும் லேசு. உரிமத்தில் வித்தியாசம் இல்லை. 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு சுற்றுச்சூழல் முகமையின் உரிமம் கட்டாயம். ஏரிக்கான அனுமதிச் சீட்டு தனி.

எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம் ஒன்றுதான்: இரையும் முள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுவது. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பகல் முழுக்க மீன் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. விப்பில் நரம்பின் நீளம் மாறாது. கையை அதே மாதிரி நீட்டினால் தக்கை அதே இடத்தில்தான் போய் நிற்கும். அதன் மேலேயே ஏழெட்டு மேகட் புழுக்களைக் கையால் தூவலாம். அரை மணி நேரம் இப்படித் தூவினால் மீன்களுக்கு அந்த இடம் பழகிவிடும்.

அதற்கு முன்னால் ஆழம் பார்க்க வேண்டும். முள்ளில் ஒரு கனத்தை மாட்டி இறக்கினால், தக்கை முழுகினால் நரம்பு போதவில்லை, சாய்ந்து படுத்தால் அதிகம். இப்படி அங்குலம் அங்குலமாகச் சரிசெய்து, கரையோரச் சரிவு முடிந்து தரை சமமாகிற இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். டென்ச் மேய்கிற இடம் பெரும்பாலும் அதுதான். நரம்பில் கனத்துக்காக மாட்டும் சிறு குண்டுகளில் கடைசிக் குண்டைத் தரையில் படும்படி வைத்தால், டென்ச் இரையை வாயில் எடுத்துத் தலையைத் தூக்கும்போது குண்டும் சேர்ந்து எழும். உடனே தக்கை முழுகாமல் மேலே உயர்ந்து சாயும். அதற்குச் சற்று முன்பு அந்த இடத்தில் பொடிப் பொடியாகக் குமிழி வரும். காலை 5 மணிக்கு அசையாத தண்ணீரில் அதைப் பார்ப்பதற்காகவே நான் போகிறேன். ரோச் என்றால் தக்கை வெடுக்கென்று உள்ளே போகும். பிரீம் மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். கடித்தது எது என்று கோலைத் தூக்கும் முன்பே ஓரளவு தெரிந்துவிடும்.

(ஈயக்குண்டு என்று இன்னும் வாயில் வருகிறது. ஆனால் அன்னங்கள் விழுங்கிச் சாகின்றன என்று 1987-லேயே பெரும்பாலான ஈயக்குண்டுகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை வந்துவிட்டது. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு உலோகம்.)

ஃபீடரிலும் ஒரே இடத்தில் போட வழி உண்டு. ரீலில் உள்ள கிளிப்பில் நரம்பை மாட்டிவிட்டால் தூரம் மாறாது. எதிர்க்கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்துக்கொண்டால் திசையும் மாறாது. ஆனால் பழக்கம் வேண்டும், பக்கக்காற்று அடித்தால் ஒரு கஜம் தள்ளிப்போகும். 4 அடித் தண்ணீரில் அந்தக் கூண்டு தொப்பென்று விழும் சத்தமும் எனக்குப் பிடிக்கவில்லை. கெண்டை நெருக்கமாக விடப்பட்ட கட்டணக் குளங்களில் அந்தச் சத்தமே மீனை அழைக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன், அதனால் மறுத்துச் சொல்ல மாட்டேன்.

விப்பின் குறை பெரிய மீன். நரம்பை விட்டுக்கொடுக்க ரீல் இல்லை. போன வருடம் மக்காச்சோள மணி போட்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு கெண்டை கடித்து அல்லிக்குள் ஓடியது. கோல் நேராக நீண்டது, நரம்பு அறுந்தது, முள் மீனோடு போயிற்று. நுனியில் எதிர்முனை இல்லாத முள் என்பதால் கழன்று விழுந்திருக்கும் என்று நம்புகிறேன், ஆனாலும் அன்று முழுக்க மனசு சரியில்லை. அதற்குப் பிறகு, கெண்டை எவ்வளவு இருக்கிறது என்று கேட்காமல் எந்த ஏரியிலும் விப்பைப் பிரிப்பதில்லை. நிறைய என்று பதில் வந்தால் ஃபீடர்தான். எதிர்க்காற்று பலமாக அடித்து, தக்கையே நிற்காத நாளிலும் அப்படித்தான்.

குளிர்காலத்தைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஜனவரியில் போன இரண்டு நாளும் கரையோரத்தில் விப்புக்கு ஒரு கடி கூட இல்லை. ஏரி நடுவில் ஃபீடர் போட்டதில் மூன்று ரோச் வந்தன.

முதன்முதலாக ஒரு பகல் போகிறவர்கள் மே கடைசியில் போகலாம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கக் கூடாது, ஆனால் பெரும்பாலான ஏரிகளுக்கு அந்தத் தடை 1995-லேயே நீங்கிவிட்டது. இருந்தாலும் சில ஏரிகள் தாங்களாகவே மூடி வைக்கின்றன, போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். விப்போடு 18-ஆம் எண் சிறு முள், அரை லிட்டர் மேகட், ஒரு கைவலை போதும். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்துவிடும்.