சீட்டைப் படித்துவிட்டு மருந்து தருகிற ஒரு மெடிக்கல், அஸ்தம்பட்டி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குக் கொலுசுப் பட்டறை. வீடு அஸ்தம்பட்டியில். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள், ஏழு வருஷமாக ஷட்டில் ஆடுகிறாள். காலையில் ஐந்தரைக்குக் கோர்ட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அவள் ஆடி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். ஷட்டில் ஆடுகிற பிள்ளை உள்ள வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது ராக்கெட் கடையைப் பற்றி அல்ல, எங்கள் ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற சின்ன மெடிக்கலைப் பற்றி.

போன ஐப்பசியில் இரண்டு நாள் ஏற்காடு போயிருந்தோம். மழை, பனி, ஏரிப் பக்கம் நடை எல்லாம் சேர்ந்து, இறங்கி வரும்போதே மகளுக்கு நெஞ்சுச் சளி. இரவெல்லாம் இருமல். டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்தார். அவள் போட்டிக்குப் போகிறவள் என்று நாங்கள் சொல்லவில்லை, அதனால் அவர்மேல் குறை இல்லை. சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். அங்கே மருந்தாளுநர் ஒரு அக்கா. கடையும் அவருடையதுதான். பாட்டிலை எடுத்தவர் பில் போடவில்லை. மொபைலில் லேபிளைப் படம் பிடித்து, பெரிதாக்கி, என் பக்கம் திருப்பினார்.

"அண்ணா, இது பாப்பாவுக்குத்தானே? இதுல டெர்பியூட்டலின் இருக்குது. ஷட்டில் ஆடற பிள்ளைக்கு இது ஆகாது. டாக்டருக்கு ஒரு போன் போட்டுட்டு வேற தரேன்."

டெர்பியூட்டலின் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து. நம்ம ஊரில் பல இருமல் சிரப்புகளில் சாதாரணமாக இருக்கிறது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் பட்டியலில் அதற்குப் போட்டி நாளில் மட்டுமல்ல, வருஷம் முழுக்கத் தடை. இருமலுக்குத்தான் குடித்தேன் என்று பிறகு சொன்னால் போதாது. உடம்புக்குள் என்ன போனாலும் அதற்குப் பொறுப்பு ஆடுகிறவர்தான். உண்மையிலேயே வேண்டிய மருந்தென்றால் சிகிச்சைக்கான விலக்குக்கு விண்ணப்பம் போடலாம், ஆனால் மூன்று நாள் இருமலுக்கு அதெல்லாம் எதற்கு? அக்கா டாக்டரிடம் பேசி வேறு சிரப் வாங்கித் தந்தார். எல்லாமாகப் பத்து நிமிஷம்தான் ஆனது. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இந்த விமர்சனமே.

இது வேண்டாத பயம் என்று நினைப்பவர்களுக்கு மலேசியாவின் ஷட்டில் வீரர் லீ சோங் வெய்யை ஞாபகப்படுத்துகிறேன். 2014 கோபன்ஹேகன் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வாங்கினார். அங்கே ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுத்த சாம்பிளில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. அது ஒரு ஸ்டீராய்டு, வீக்கத்தைக் குறைக்கிற வகை. நம் மெடிக்கல்களிலும் சல்லிசாகக் கிடைக்கும். செய்தி வந்த அன்று எங்கள் கோர்ட்டில் "மருந்து போட்டுட்டாம்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நெட் பக்கம் ஓடிவருவதைப் பார்த்துத்தான் மகளுக்கு ராக்கெட்டே வாங்கித் தந்தேன். பிறகு 2015 ஏப்ரலில் விசாரணைக் குழு தீர்ப்புச் சொன்னது: ஏமாற்றும் எண்ணம் இல்லை, அவர் சாப்பிட்டுவந்த கார்டிசெப்ஸ் என்கிற காளான் மாத்திரையின் ஜெலட்டின் உறையிலிருந்து வந்திருக்கிறது என்று. ஆனாலும் எட்டு மாதத் தடை. வெள்ளிப் பதக்கமும் போய்விட்டது. மருந்து உள்ளே இருந்த பொடியில் இல்லை, மேலுறையில் இருந்தது! என் தொழிலில் இது தினமும் பார்க்கிற விஷயம். சுத்த வெள்ளியில்தான் வளையம் வளையமாகக் கோர்த்திருப்போம், ஆனால் பற்றவைப்பில் போகிற கலப்பு மொத்தக் கொலுசின் டச்சையும், அதாவது வெள்ளியின் சுத்த அளவையும், இறக்கிவிடும். டச் பார்க்கிறவர், எந்த வளையத்தால் இறங்கியது என்று பிரித்துச் சொல்ல மாட்டார்.

தாய்லாந்தின் ஷட்டில் வீராங்கனை ராட்சனோக் இண்டனோனுக்கு 2019-இல் வேறு மாதிரி நடந்தது. அவருடைய சாம்பிளில் கிளென்பியூட்டரால் என்கிற தடை செய்த மருந்து. கலப்படமான இறைச்சியிலிருந்து வந்தது என்று நிரூபணமாகி, குற்றமில்லை என்று விடுவித்தார்கள். விடுவித்த செய்தியை எங்கள் கோர்ட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பிரமோத் பகத் விஷயத்தையும் அப்படித்தான் கலந்துகட்டிப் பேசுகிறார்கள். டோக்கியோ பாராலிம்பிக்கில் ஷட்டிலில் தங்கம் வாங்கிய நம் நாட்டு வீரர். 2024-இல் 18 மாதத் தடை வந்து பாரிஸுக்குப் போக முடியாமல் போனது. மருந்து எதுவும் அகப்பட்டதால் அல்ல. எங்கே இருக்கிறோம் என்று முன்கூட்டியே பதிந்து, அந்த இடத்தில் சோதனைக்குக் கிடைக்க வேண்டும் என்ற விதியில் 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறியதற்காக. தவறு தவறுதான், ஆனால் அவரை மருந்து போட்டவர் என்று சொல்கிறவர்களிடம் நான் ஒவ்வொரு முறையும் சண்டைக்குப் போகிறேன்.

சரி, கடைக்கு வருகிறேன். அதற்குமுன், வேறொரு இடத்தில் நான் ஏமாந்த கதையும் உண்டு. நகரத்தில் புரோட்டீன் டப்பா விற்கிற ஒரு கடையில், மகளுக்கென்று 3,200 ரூபாய்க்கு ஒரு டப்பா வாங்கினேன். 'வாடா அங்கீகாரம் பெற்றது' என்று டப்பாவின் மேலேயே தங்க எழுத்தில் போட்டிருந்தது. கொண்டுவந்து அக்காவிடம் காட்டினேன். "வாடா எந்தப் பவுடருக்கும் அங்கீகாரம் கொடுக்கறதில்லைங்க அண்ணா" என்றார். பின்பக்கம் பார்த்தால், என்னென்ன எவ்வளவு என்று பிரித்துப் போடாமல் 'சிறப்புக் கலவை' என்று ஒரே வரி. திருப்பிக் கொடுக்கப் போனேன், சீல் உடைத்தது என்று வாங்கவில்லை. டப்பா பரணில் கிடக்கிறது. இப்போது மகளுக்கு முட்டை, நிலக்கடலை, கொள்ளு ரசம், பால்தான். பவுடர் வேண்டியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு பேட்சையும் தனி ஆய்வகத்தில் சோதித்து முத்திரை போட்டதாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார் அக்கா. அதுவும் ஆபத்தைக் குறைக்குமே தவிர, முழு உத்தரவாதம் ஆகாது என்றும் சேர்த்தே சொல்கிறார்.

மகளோடு பயிற்சி செய்கிற பெரிய பெண் ஒருத்தி ஊக்கமருந்துச் சோதனைக்குப் போய்வந்து சொன்னதையும் இங்கே எழுதியாக வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஒரு பெண் அதிகாரி வந்து பெயரைச் சொல்லிக் கையெழுத்து வாங்குவாராம். அந்த நொடியிலிருந்து கண்பார்வையை விட்டு விலக விடமாட்டார். குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டும். வியர்த்துக் கொட்டிய உடம்பில் அது சுலபமாக வராது, தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் நாமே ஊற்றி, நாமே மூடியைத் திருக வேண்டும். கடக் கடக் என்று மூடியின் பல் பூட்டிக்கொள்கிற சத்தம் கேட்குமாம், அப்புறம் உடைக்காமல் திறக்க முடியாது. 18 வயது ஆகாதவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாம். கடைசி ஏழு நாளில் என்னென்ன மருந்து, சத்து மாத்திரை சாப்பிட்டாய் என்று படிவத்தில் கேட்பார்கள். அவளுக்கு அந்த இடத்தில்தான் கை நடுங்கியதாம், ஒன்றின் பெயரும் ஞாபகம் வரவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடி கிடையாது, மற்ற கடைகளில் பத்து சதவீதம் குறைத்துத் தருகிறார்கள். வண்டி நிறுத்த இடமில்லை. சாயந்தரம் ஏழு மணிக்கு மேல் ஒரே கூட்டம், லேபிள் படிக்க அக்காவுக்கு நேரம் இருக்காது. பதினொரு மணி வாக்கில் போனால் நிதானமாகப் பார்ப்பார். ஞாயிறு மதியத்தோடு அடைப்பு. அவர் இல்லாதபோது நிற்கிற பையன் நல்ல பையன், ஆனால் இந்த விவரம் அவனுக்குத் தெரியாது. அப்போது வாங்காதீர்கள்.

போகும்போது பிள்ளை போட்டியில் ஆடுகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கல்லாப் பக்கத்தில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. விளையாடுகிற பிள்ளை ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம். மகளின் பக்கத்தில் கடைசி வரி போன செவ்வாய்க்கிழமை எழுதியது: பாராசிட்டமால், ஆறு மாத்திரை, பேட்ச் நம்பரோடு.