இக்ரா ரத்தப் பரிசோதனை: பாதிக் கேள்விக்குத்தான் விடை

அப்பாவுக்கு நுரையீரலில் டிபி என்று தெரிந்ததும், கூடவே இருந்த நானும் அம்மாவும் இக்ரா (IGRA) பரிசோதனை செய்துகொண்டோம். டிபி கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பது அது.

ஒரே தடவை போனால் போதும் என்பது பெரிய வசதி. அதே தொற்றைப் பார்க்கத் தோலில் போடும் மான்டூ ஊசி என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தடிப்பை அளக்க மறுபடி போக வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. நான்கு சின்னக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் 1 மில்லி ரத்தம். எடுத்த பெண் ஒவ்வொரு குழாயையும் நிதானமாகப் பத்துத் தடவை குலுக்கினார். உள்சுவரில் பூசியிருக்கும் பொருள் ரத்தத்தில் கலப்பதற்காம்; இரண்டு குழாய்களில் அது டிபி புரதங்கள். கிருமியை ஏற்கெனவே சந்தித்த டி செல்கள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) இருந்தால் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும்; அதைத்தான் அளக்கிறார்கள். டிபிக்குப் போடும் பிசிஜி தடுப்பூசியில் அந்த டிபி புரதங்கள் கிடையாது, அதனால் தடுப்பூசியால் பாசிட்டிவ் வரும் குழப்பம் இல்லை. மான்டூவில் இந்த நிம்மதி கிடைக்காது.

அம்மாவுக்கு நெகட்டிவ், எனக்கு பாசிட்டிவ். ஆய்வகம் ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் இரவில் போனுக்கு அறிக்கையை அனுப்பிவிட்டது. எனக்கு அப்போது வறட்டு இருமல் வேறு. விடியும்வரை ஒவ்வொரு இருமலுக்கும் பயந்தேன். உள்ளே கிருமி தூங்குகிறதா, விழித்துவிட்டதா என்று இந்தப் பரிசோதனையால் சொல்லவே முடியாது. அதை மறுநாள் டாக்டர்தான் சொன்னார். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளி வராததால் உப்புநீர் ஆவியை இழுக்கவைத்து வரவழைத்தார்கள். இரண்டும் சரி என்று வரும்வரை தடுப்பு மாத்திரை தரவில்லை. விழித்துவிட்ட நோய்க்கு ஒன்றிரண்டு மருந்து மட்டும் கொடுத்தால், கிருமி அதற்கு அடங்காததாக மாறிவிடுமாம்.

இந்த இடத்தில்தான் எபிஜெனடிக் ஆய்வுகள் மேல், அதாவது டிஎன்ஏ எழுத்து மாறாமல் அதன்மேல் ஒட்டும் குறிகளைப் பார்க்கும் ஆய்வுகள் மேல், எனக்கு ஆசை. டிபி தாக்கும்போது வெள்ளணுக்களின் டிஎன்ஏவில் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் மாறுகின்றன. தூங்கும் தொற்றையும் விழித்த நோயையும் அந்த மாற்றத்தை வைத்தே பிரிக்கப் பார்க்கிறார்கள். சளியே தேவைப்படாது. ஆனால் நோய் விழித்தவர்களின் ரத்தத்தில் வெள்ளணு வகைகளில் மோனோசைட் கூடி லிம்போசைட் குறையும். ஒவ்வொரு வகை செல்லுக்கும் குறிகள் வேறு. மாறியது குறியா, செல்களின் கலவையா என்று பிரித்தறிய வேண்டும். அதோடு, சில குறிகள் சிகிச்சை முடிந்து மாதங்கள் ஆனாலும் மறைவதில்லை. முன்பு நோய் வந்து குணமானவரை அது குழப்பிவிடும். அப்படி ஒரு பரிசோதனை கைக்கு வரும்வரை இக்ராவோடு எக்ஸ்ரேயும் சேர்த்தே எடுங்கள்.

நான் வாரம் ஒரு தடவை வீதம் 12 வாரம் மாத்திரை போட்டு முடித்தேன். அப்புறம், முதல் நெகட்டிவை அப்படியே நம்பிவிடாதீர்கள். புதுத் தொற்று ரத்தத்தில் தெரிய 8 வாரம்கூட ஆகலாம் என்பதால் அம்மாவுக்கு மறுபடி எடுத்தோம். அப்போதும் நெகட்டிவ்தான்.