பெங்களூரில் முள்ளெலி வாங்குகிறீர்களா? “ஒரு வாரம் விடுங்க, செட் ஆயிடும்” என்றால் நம்பாதீர்கள்

அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு டிசம்பரில் 9,000 ரூபாய்க்கு ஆப்பிரிக்க முள்ளெலிக் குட்டி ஒன்று விற்கப்பட்டது. இன்ஸ்டாகிராமில் படம், வாட்ஸாப்பில் பேரம், மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ஷூ பெட்டியில் கைமாற்றம். பில் கிடையாது. “எட்டு வாரக் குட்டி, ஏழு நாள் கியாரண்டி” என்று வாய்வார்த்தை மட்டும். வந்த அன்று சாப்பிடவில்லை, மறுநாள் தள்ளாடியது. போன் போட்டதற்கு விற்றவர் சொன்னது: “மேடம், புது இடம்ல, பயந்திருக்கும். ஒரு வாரம் தொந்தரவு பண்ணாம விடுங்க, தானா செட் ஆயிடும்.” ஒரு வாரம் விட்டால் கியாரண்டியும் தீர்ந்துவிடும். நல்ல வேளையாக அவர்கள் விடவில்லை. டாக்டர் பார்த்தபோது வயிறு ஜில்லென்று இருந்தது, எடை 130 கிராம்தான், முள்ளடியெல்லாம் மைட்ஸ் எனும் நுண்ணிய தோல் உண்ணி, பால் கொடுத்ததால் பேதி. எட்டு வாரம் என்பதும் பொய். வைத்தியச் செலவு வாங்கிய விலையைத் தாண்டியது.

இதே பாணியில் விற்பவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். புது இடத்துக்கு வந்த முள்ளெலி ஓரிரு நாள் பதுங்கும், சீறும், பந்தாகச் சுருண்டுகொள்ளும், கொஞ்சம் பச்சையாக மலம் போகும். இதெல்லாம் உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால்தான் நோயையும் ஒளித்து விற்கிறார்கள். எது பயம், எது நோய் என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் வயிற்றைத் தொடுங்கள். நம் உள்ளங்கைக்கு வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். சில்லென்று இருந்து, சீறாமல், பாதி சுருண்டு, எடுத்து விட்டால் குடித்தவன்போல் தள்ளாடினால் அது பயம் இல்லை, குளிர். இந்த இனத்துக்கு 24 முதல் 29 டிகிரி வேண்டும். 20க்குக் கீழே போகப்போக உடம்பு உறக்கநிலைக்குப் போகப் பார்க்கும். ஐரோப்பிய முள்ளெலி அப்படி உறங்கிப் பிழைக்கும், இது பிழைக்காது. பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 15, 16 டிகிரிக்கு இறங்குகின்றன. மொசைக் தரையில் வைத்த கூண்டு இன்னும் குளிரும். ஏசி அறையில் வைத்தால் கோடையிலும் இதே கதைதான்.

குளிர்ந்துபோன குட்டியைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி ஒரு மெல்லிய துணியில் சுற்றி வையுங்கள். பெட்டியில் வைத்தால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் பெட்டியில் பாதி இடத்துக்கு மட்டும். சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் கூடாது. வெதுவெதுப்பாகி, தலை தூக்கி விழுங்கும் நிலை வரும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறும். எழுந்து நடந்தாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஒருமுறை இப்படி விழுந்தது மறுபடி எளிதாக விழும். நிரந்தர ஏற்பாட்டுக்கு வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தரும் சிராமிக் ஹீட் எமிட்டரும், சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் வேண்டும். தெர்மோஸ்டாட்டின் சென்சார் கூண்டின் உச்சியில் அல்ல, குட்டி படுக்கும் மட்டத்தில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் மறுபடி வெந்நீர் பாட்டில்தான்.

அடுத்து எடை. கிராம் காட்டும் டிஜிட்டல் கிச்சன் தராசில் கிண்ணத்தை வைத்து ஜீரோ செய்து, தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். எட்டு வாரக் குட்டி 200 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மிகவும் குறைந்தால் வயது பொய் அல்லது பட்டினி. பத்தில் ஒரு பங்கு எடை இறங்கினாலே அவசரம். ஒரு நாளுக்கு மேல் எதையும் தொடாமல் கிடந்தால் காத்திருக்காதீர்கள். பட்டினியில் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும், அப்புறம் சாப்பாடு வைத்தாலும் தேறாது. பாலும் பிஸ்கட்டும் வேண்டாம், பால் இதற்குச் செரிக்காது. புரதம் 30 முதல் 35, கொழுப்பு 10 முதல் 15 சதவீதம் உள்ள பூனை டிரை ஃபுட் போதும், ஆனால் விற்றவர் கொடுத்து வந்ததையும் கொஞ்ச நாள் கலந்து மாற்றுங்கள். திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட் கூடவே கூடாது.

பச்சை மலம் ஓரிரு நாளில் பழுப்புக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் சளிபோல் இழுத்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ, சாப்பாடும் நின்றாலோ, புது மலத்தைச் சுத்தமான டப்பாவில் எடுத்துப் போங்கள். மூக்கில் நீர்க்குமிழி, மூச்சில் டிக் டிக் சத்தம் வந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

முள் உதிர்வதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். “குட்டி முள் மாத்துது மேடம்” என்பார்கள். இரண்டாம் மாத வாக்கில் முள் மாறுவது நிஜம்தான். அப்போது உதிர்ந்த முள்ளின் அடியில் சின்னக் குமிழ் இருக்கும், அந்த இடத்தில் புதுமுள் முனை தெரியும், வழுக்கை விழாது. மைட்ஸ் என்றால் முள்ளடியிலும் காதோரத்திலும் பொடுகுபோல் வெள்ளைப் பொருக்கு ஒட்டியிருக்கும். கறுப்புத் துணியில் குட்டியை விட்டு, உதிர்ந்த தூளை டார்ச் அடித்துப் பாருங்கள், சில சமயம் அந்தத் தூளே நகரும். இதற்கு நாய் உண்ணிப் பவுடரோ ஸ்ப்ரேயோ அடிக்காதீர்கள். வேப்பெண்ணெய் தடவும் பாட்டி வைத்தியமும் வேண்டாம், நக்கி உள்ளே போகும். மைட்ஸைக் கொல்லும் ஐவர்மெக்டின் மருந்தின் அளவு கொஞ்சம் தவறினாலும் ஆபத்து. டாக்டர்கள் பெரும்பாலும் எடை பார்த்து செலாமெக்டின் சொட்டு மருந்து போடுவார்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம். புது வாசனை பட்டால் எதையாவது மென்று, வாயில் நுரை தள்ளி, உடம்பை முறுக்கி முதுகில் பூசிக்கொள்ளும். வலிப்பு என்று பதறிப் போன் போடுகிறார்கள். அது இதன் பிறவிப் பழக்கம்.

வாங்கும்போதே தடுக்கக்கூடியவையும் உண்டு. “தனியா இருந்தா ஏங்கும், ஜோடியா வாங்குங்க” என்பது சுத்த வியாபாரம். முள்ளெலி தனியாக வாழும் பிராணி. ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தால், முழுதாக வளராத பெண் குட்டியே சினைப்பட்டு, சுமார் 35 நாளில் ஈன்று, மிரண்டுபோய்த் தன் குட்டிகளையே தின்றுவிடக்கூடும். மல்லாத்திப் பார்த்தால் ஆணுக்கு வயிற்று நடுவில் தொப்புள்போல் ஒரு புள்ளி இருக்கும், பெண்ணுக்குத் திறப்பு ஆசனவாயை ஒட்டி இருக்கும். பற்களில் பழுப்புக் காரை படிந்திருந்தால் அது குட்டியே இல்லை. கூண்டோடு காம்போ என்று தரும், ஓடி விளையாடும் கம்பிச் சக்கரத்தில் கால் மாட்டி நகம் பிய்யும். 28 செ.மீ.க்குக் குறையாத, இடைவெளி இல்லாத சக்கரம் வேண்டும். கூண்டில் இருக்கும் மரத்தூளையும் வெளியே கொட்டிவிட்டு ஃபிளீஸ் துணி விரியுங்கள். காது முள்ளுக்கு மேல் நீண்டிருந்தாலோ, பின்னங்காலில் ஐந்து விரல் இருந்தாலோ கை வைக்காதீர்கள். ஆப்பிரிக்க இனத்துக்குப் பெரும்பாலும் பின்னங்காலில் நாலு விரல்தான். நம் ஊர்க் காட்டிலிருந்து பிடித்ததாக இருந்தால் 1972 வனவிலங்குச் சட்டம் உங்கள் மேலேயே பாயும்.

டாக்டரைத் தேடும்போது “முள்ளெலி பார்ப்பீங்களா” என்பதோடு “ஐசோஃப்ளுரேன் மயக்கம் கொடுத்துப் பார்க்க வசதி இருக்கா” என்றும் போனிலேயே கேளுங்கள். பந்தாகச் சுருண்டதை மயக்காமல் வாய், வயிறு எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. நாய், பூனை மட்டும் பார்க்கும் கிளினிக்கில் ஊசி போட்டு அனுப்பினால் பணம்தான் போகும். வீட்டில் அது நடக்கும் விதத்தை வீடியோ எடுத்துப் போங்கள், டாக்டரின் மேஜை மேல் வைத்தால் அது நடக்காது. எடுத்துக் கையாளும் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பார்க்க நன்றாக இருக்கும் முள்ளெலியிடமிருந்தும் சால்மோனெல்லா என்ற பேதிக் கிருமி வரலாம்.

பணத்துக்கு வருவோம். பெட் ஷாப் என்றால் 2018 விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் வாட்ஸாப் அரட்டையை இப்போதே எக்ஸ்போர்ட் செய்யுங்கள், சண்டை வந்ததும் மெசேஜை அழித்துவிடுவார்கள். யுபிஐ ரசீது, முதல் நாள் எடை, தேதி போட்ட டாக்டர் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். இறந்துவிட்டால் ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்தால் திசு கெடும். கவரில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, சீக்கிரம் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியதற்கான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு குட்டியே அனுப்பாதவர்கள் மேல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

அல்சூர்க்காரர்கள் டாக்டர் சீட்டை அனுப்பியதும் விற்றவர் இறங்கி வந்து, “வேற பீஸ் தரேன்” என்றார். வாங்கவில்லை, சரிதான். அடுத்த பீஸும் அதே தட்டிலிருந்து, அதே மைட்ஸோடுதான் வரும். பணமாகக் கேளுங்கள்.