சர்வர் பதிலைக் கையில் வாங்க: கால்பேக்கா, ஆர்எக்ஸ்ஜாவாவா, கோரூட்டினா?

ஆண்ட்ராய்டுக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆர்டர் பட்டியலைக் கொண்டுவர ஒரு ஃபங்ஷன். உள்ளே, சர்வரிடம் பேச உதவும் லைப்ரரியான ரெட்ரோஃபிட்டின் என்க்யூ; அது கேள்வியைப் பின்னணியில் அனுப்பிவிட்டுக் காத்திராமல் நகர்ந்துவிடும். பதில் வந்ததும் பட்டியலை நிரப்பி, கடைசி வரியில் ரிட்டர்ன். ஓட்டினால் எப்போதும் காலிப் பட்டியல்தான். லாகைத் திறந்தால் காரணம் தெரியும்: ரிட்டர்ன் முதலில் போயிருக்கும், சர்வர் பதில் அதற்குப் பிறகுதான் வந்திருக்கும். சரி, பதில் வரும்வரை நிறுத்தி வைக்கலாமே என்றால், திரையை வரையும் மெயின் த்ரெட்டில் நெட்வொர்க்கைத் தொட ஆண்ட்ராய்டு 3.0 காலத்திலிருந்தே தடை. மீறினால் ஆப் விழுந்துவிடும்.

பின்னணி வேலைக்கான பழைய வழியான ஏசின்க்டாஸ்க்கை விட்டுவிடுவோம். 2020இல் ஆண்ட்ராய்டு 11 வந்தபோதே அதை டெப்ரிகேட் செய்து, இனி வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் மூன்று வழி: பதில் வந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷனான கால்பேக், பதில்களைச் சங்கிலியாகக் கோக்கும் லைப்ரரியான ஆர்எக்ஸ்ஜாவா, த்ரெட்டை மறிக்காமல் காத்திருந்து தொடரும் காட்லின் மொழி வசதியான கோரூட்டின். எங்கள் டெலிவரி ஆப்பில் கால்பேக்கிலிருந்து கோரூட்டினுக்கு மாறினோம், என் ஓட்டும் அதற்குத்தான்.

கால்பேக்குக்குத் தனி லைப்ரரி வேண்டாம், ஜாவா கோடிலும் ஓடும். லாகின், புரொஃபைல், ஆர்டர் என்று ஒன்றின் பதிலை வைத்து அடுத்ததைக் கேட்கும்போதுதான் கோடு வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். இதை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 404, 500 என்று சர்வர் பிழைக் குறியீடு அனுப்பினாலும், பதில் வந்ததற்கான ஆன்ரெஸ்பான்ஸ்தான் கூப்பிடப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தோல்விக்கான ஆன்ஃபெயிலியர் வருவது இணைப்பு அறுந்தாலோ, பதிலின் தரவு வடிவமான ஜேசனைப் பிரிக்க முடியாமல் போனாலோதான். அடுக்குக்கு அடுக்கு இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

ஆர்எக்ஸ்ஜாவா அந்த அடுக்குகளை ஒரே சங்கிலியாக்கும். தேடல் பெட்டியில் தட்டத் தட்டப் பழைய தேடலை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்க அதன் டிபவுன்ஸும் ஸ்விட்ச்மேப்பும் அருமை. ஆனால் டீமுக்குப் புதிதாக வருபவருக்கு, அழைப்புகளைக் கோக்கும் ஃப்ளாட்மேப்பைப் புரியவைப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

கோரூட்டினில், ரெட்ரோஃபிட் 2.6 வந்த 2019 முதல் இன்டர்ஃபேஸில் சஸ்பெண்ட் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். கேட்ட பதில் நேராக வேரியபிளில் வந்து உட்காரும். மூன்று அழைப்பு என்றால் மூன்று வரி. பதிலின் தரவு வகையான மாடலையே நேராகக் கேட்டிருந்தால் 404க்கு எச்டிடிபிஎக்ஸெப்ஷன், இணைப்பு போனால் ஐஓஎக்ஸெப்ஷன். சுற்றி ஒரே ட்ரை கேட்ச்.

இருந்தாலும் நான் மாறியது கோடு அழகாக இருக்கிறது என்பதற்காக இல்லை. பதில் வரும்போது திரை இருக்கிறதா என்பதுதான் என்னை மாற்றியது. ரெட்ரோஃபிட்டுக்கு அடியில் ஓடும் ஓகேஎச்டிடிபியின் ரீட் டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பு, இயல்பாகவே 10 வினாடி. சிக்னல் இல்லாத இடத்தில் நிற்கும் டெலிவரி பையன் அவ்வளவு நேரம் பொறுக்க மாட்டார்; பேக் அழுத்திவிடுவார், போனைத் திருப்பிவிடுவார். கால்பேக் அந்தப் பழைய ஃப்ராக்மென்ட்டை, அதாவது மூடிய திரையை, பிடித்துக்கொண்டே இருக்கும். பதில் வந்ததும், திரை இன்னும் இருப்பதாக நம்பும் ரிக்வயர்கான்டெக்ஸ்ட்டைக் கூப்பிட்டால் கிராஷ். தடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு அழைப்பையும் சேமித்து வைத்து, திரை மூடும்போது நாமே கேன்சல் செய்ய வேண்டும். ஆர்எக்ஸ்ஜாவாவிலும், ஓடும் வேலைகளைச் சேர்த்து வைக்கும் கம்போசிட்-டிஸ்போசபிளை க்ளியர் செய்யும் வேலை நம் தலையில்தான். நாற்பது திரை உள்ள ஆப்பில் ஏதோ ஒரு திரையில் யாரோ ஒருவர் மறப்பார். கோரூட்டினை, திரையின் ஆயுளோடு கட்டப்பட்ட வியூமாடல்ஸ்கோப்பில் தொடங்கினால் இந்தக் கவலை இல்லை. போனைத் திருப்பினாலும் வேலை தொடரும், திரையை விட்டு நிஜமாகவே வெளியேறினால் தானாக ரத்தாகும், கூடவே ரெட்ரோஃபிட் அந்த நெட்வொர்க் அழைப்பையும் நிறுத்திவிடும். கோடு ரிவ்யூவில் "கேன்சல் எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வேலை எங்களுக்கு ஏறக்குறைய ஒழிந்தது.

ஒரு பொறி உண்டு. மொத்தமாக எக்ஸெப்ஷன் என்று போட்டுப் பிடித்தால், ரத்தாகும்போது வரும் கேன்சலேஷன்எக்ஸெப்ஷனும் அதில் சிக்கிவிடும். பேக் அழுத்தியதெல்லாம் பிழை என்று லாகில் ஏறும். அதை மட்டும் திரும்ப எறிந்துவிடுங்கள்.

ஐஓஎஸ் பக்கம் நான் எழுதியது கொஞ்சம்தான். அதன் மொழியான ஸ்விஃப்ட்டின் 5.5இல் வந்த ஏசின்க் அவெய்ட்டும் இதே சாயல்தான், ஆனால் பெரிய ஆப்பில் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆர்எக்ஸ்ஜாவாவில் ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் ஆப் என்றால், இதற்காக மட்டும் பிரித்துப்போட வேண்டாம். ரெட்ரோஃபிட்டில் ஆர்எக்ஸ்ஜாவாவும் கோரூட்டினும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், புதிய திரைகளிலிருந்து தொடங்கலாம். முழுக்க ஜாவாவிலேயே இருக்கும் பழைய ப்ராஜெக்டில் சஸ்பெண்ட் ஃபங்ஷனைக் கூப்பிடுவது தலைவலி. அங்கே கால்பேக்கே இருக்கட்டும், கேன்சலை மட்டும் மறக்காதீர்கள்.