டல்லாஸிலிருந்து டுலூத்துக்கு: பிக்கப் வண்டியும் இரண்டு செட் டயரும்

ஐ-35 நெடுஞ்சாலை டெக்சாஸின் லரேடோவில் தொடங்கி மினசோட்டாவின் டுலூத்தில் முடிகிறது. 2022 அக்டோபரில் டல்லாஸில் அந்தச் சாலையில் ஏறினோம், அது முடிகிற ஊரில் இறங்கிக் குடியேறினோம். வண்டி 2018 ஃபோர்டு எஃப்-150 பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். கிளம்பும்போது ஜாக்கெட், பூட்ஸ் பற்றி அறிவுரை சொல்லாத நண்பரே இல்லை. டயரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நானாகத்தான் டல்லாஸில் ஒரு கடைக்குப் போய் தார், மண், சேறு எல்லாவற்றுக்கும் ஆகும் ஆல்-டெரைன் டயர் நான்கு வாங்கினேன். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் போட்ட முத்திரை. "இது இருந்தால் வடக்கே வேறு டயரே வேண்டாம்" என்றார் விற்றவர். அவர் டெக்சாஸைத் தாண்டியிருப்பாரா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். இறுகிய பனியில் வழுக்காமல் முன்னே இழுக்கிறதா என்று சோதித்துத் தரும் முத்திரை அது. ஐஸில் பிரேக் போட்டால் நிற்குமா என்பது அந்தச் சோதனையிலேயே கிடையாது. டயரில் இருக்கும் எம்+எஸ் (சேறு, பனி) என்ற எழுத்துக்கு இந்தச் சோதனைகூட இல்லை, தரையைத் தொடும் பட்டன் வெட்டப்பட்ட விதத்தைப் பார்த்தே போட்டுவிடலாம். இதெல்லாம் பட்டபின் படித்தது.

அந்தக் குளிர்காலத்தில் டுலூத்தில் மொத்தம் 140.1 அங்குலம் பனி கொட்டியது. ஊரின் பதிவேட்டிலேயே அதுதான் உச்சம். நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தப் பனியில் என் ஆல்-டெரைன் டயர் அசத்தியது. முழங்கால் உயரப் பனியில் வீட்டு வாசலிலிருந்து உறுமிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கே கொஞ்சம் திமிர் ஏறிவிட்டது.

அந்தத் திமிர் ஜனவரியில் இறங்கியது. பொங்கலுக்கு நண்பர் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. டுலூத் மலைச்சரிவில் கட்டிய ஊர். அவென்யூக்கள் எல்லாம் சுப்பீரியர் ஏரியைப் பார்த்துச் செங்குத்தாக இறங்கும். மனைவி மடியில் சர்க்கரைப் பொங்கல் பாத்திரம். பகலில் லேசாக உருகிய பனி, சாயங்காலம் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. ஸ்டாப் போர்டுக்கு வெகு முன்பே பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது, வண்டி மட்டும் சாவகாசமாகப் போய்க்கொண்டே இருந்தது.

"ஏங்க, பிரேக்கைப் போடுங்க!"

"பிரேக்லதாம்மா கால் இருக்கு!"

சந்திப்பை முழுசாகக் கடந்து, எதிர்ப்பக்கப் பனிமேட்டில் முட்டி நின்றோம். குறுக்கே வண்டி எதுவும் வராதது அதிர்ஷ்டம். பொங்கல் சிந்தவில்லை. மனைவி அன்றைக்கு இரவு வரை என்னிடம் பேசவில்லை.

ஃபோர் வீல் டிரைவ் கிளம்பத்தான் உதவும். பிரேக் போடும்போது எல்லா வண்டியும் நான்கு டயரை நம்பித்தான் இருக்கிறது. சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே விறைக்கத் தொடங்கிவிடும், பனி டயர் ரப்பர் கடுங்குளிரிலும் இளகியே இருக்கும். இன்னொன்றை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். மைனஸ் 25-இல் ஐஸ் காய்ந்து ஓரளவு பிடிமானம் தரும். பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போதுதான் மேலே மெல்லிய நீர்ப்படலம் உருவாகி வழுக்கித் தள்ளும்.

அடுத்த நவம்பரில் தனிப் பனி டயர் தேடினேன். ஆணி பதித்த டயரை மினசோட்டாவில் குடியிருப்பவர்கள் போட முடியாது, சட்டம் விடாது. அதனால் பிரிட்ஜ்ஸ்டோன் பிளிஸாக் டிஎம்-வி2. அதன் ரப்பரில் உள்ள நுண்துளைகள் அந்த நீர்ப்படலத்தை உறிஞ்சி விலக்கும் என்பதுதான் என்னை இழுத்தது. பிக்கப் என்றதும் லோடு ரேஞ்ச் இ, அதாவது அதிக பாரம் தாங்கும் பத்து பிளை டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கனமான டிரெய்லர் இழுக்காத எனக்கு அது தேவையில்லை, எடையும் விறைப்பும்தான் மிச்சம். இரும்பு ரிம்மோடு சேர்த்து வாங்கியதால் ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். மொத்தச் செலவு 1,400 டாலரைத் தொட்டது. வலித்தது, மறைக்கவில்லை.

காசு போட்ட அந்த வருடம் பார்த்து, 2023-24 குளிர்காலத்தில் பனியே சரியாகப் பெய்யவில்லை. கிறிஸ்துமஸுக்கு மழை! நண்பர்கள் கேலி செய்தார்கள். ஆனால் அந்த மழை உறைந்த தெருக்களில்தான் இந்த டயரின் அருமை தெரிந்தது. அதே அவென்யூ, அதே இறக்கம். ஏபிஎஸ் ஒரு தடவை முனகியது, வண்டி கோட்டுக்கு முன்னால் நின்றது.

குறையும் உண்டு. காய்ந்த தார்ச்சாலையில் வளைவில் திரும்பும்போது ஸ்டியரிங் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். ஏப்ரலில் கழற்றச் சோம்பல்பட்டால் வெயில் பட்டனைத் தின்றுவிடும். புதிதாக அங்குலத்தில் 32-இல் 12 பங்கு இருந்த பட்டன் ஆழம் மூன்று குளிர்காலத்தில் 7 ஆகியிருக்கிறது. 6-க்குக் கீழே போனால் பனியில் நம்ப மாட்டேன். காற்றழுத்தமும் 10 டிகிரி ஃபாரன்ஹீட் குறைய ஒரு பிஎஸ்ஐ வீதம் இறங்கும். கராஜின் கதகதப்பில் 35 அடித்துவிட்டு நிம்மதியாக இருந்தால், காலையில் வெளியே காற்று குறைவு என்று டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும்.

பனி உருகச் சாலையில் தூவும் உப்பு இன்னொரு தலைவலி. முதல் வசந்தத்தில் நட்டுகளைக் கழற்றிய பிறகும் சக்கரம் அசையவில்லை, ரிம், அது பொருந்தும் ஹப்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. டயரைக் காலால் உதைத்து உதைத்துத்தான் பிரித்தேன். இப்போது மாட்டும்போதே ஹப்பில் துருவைத் தேய்த்துவிட்டு, ஒட்டாமலிருக்கும் பேஸ்ட்டை லேசாகத் தடவிவிடுகிறேன்.

ஆல்-டெரைன் செட்டை விற்கவில்லை, கோடைக்கு அதுதான். இரண்டும் மாறி மாறித் தேய்வதால் இரண்டுக்கும் ஆயுள் நீள்கிறது. கழற்றிய டயர்களில் மனைவி சாக்பீஸால் "முன் இடது", "பின் வலது" என்று தமிழில் எழுதி அடுக்குவாள். போன முறை எங்கே எழுதினாள் என்று தேடுவது மட்டும் என் வேலை.